நீ என்ன கேக்கப் போற மக்ளே

மக்ளே,

ஞாயித்துக்கிழம நீ கேட்டதுக்கு பதில் சொல்லாம போன வச்சிட்டேன்ல, கோவிச்சுக்காத. மேனேஜர் ஒனக்கு என்ன வேணும், ப்ரமோஷனா இல்ல சென்னை ஆபீஸுக்கு மாத்தலானு கேட்ருக்காரு, நீ "அம்மா நான் என்ன கேக்கட்டும்"ங்கிற. கேட்டதும் எனக்கு அந்த மஞ்சப் படம்தான் கண்ணு முன்னால வந்துச்சு.

நியூயார்க் மெட் மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போனியே, அங்க பாத்த சலோமி, பைபிள்ல ஏரோது ராஜா முன்னால ஆடுன பொண்ணு, பிரான்ஸ்காரர் ஆன்ரி ரென்யோ வரஞ்ச ஆயில் பெயின்டிங், 160 சென்டிமீட்டர் ஒசரம். கால் வலிக்குது கால் வலிக்குதுன்னு வந்தவ அது முன்னால மட்டும் அர மணி நேரம் நின்னேன். ஆடி முடிச்சு ஒக்காந்திருக்கா, தலமுடி கலஞ்சு கெடக்கு, மடியில பெரிய தாம்பாளம், அதுல கத்தி, பின்னால முழுக்க பட்டு மஞ்சள். மொகத்துல சிரிப்பு வேற. மொதல்ல அவரு ஒரு இத்தாலியப் பொண்ணோட தலைய மட்டும்தான் வரஞ்சாராம், அப்புறம் கான்வாஸ ஒட்டி ஒட்டிப் பெருசாக்கி 1870-ல பாரிஸ் கண்காட்சியில வச்சப்ப சலோமி ஆக்கிட்டாரு. அடுத்த ஜனவரியில சண்டையில செத்துப்போனாரு, 27 வயசுதான், ஓவியருக்கு பிரான்ஸ்ல குடுத்த ரோம் பரிசு வாங்குனதால பட்டாளத்துக்குப் போக வேண்டாம்னு சலுகை இருந்தும் தானாப் போயிருக்காரு, பாவம் பெத்தவங்க.

பைபிள்ல மாற்கு 6 எடுத்துப் பாரு, அதுல சலோமிக்குப் பேரே கெடயாது, ஏரோதியாள் மகள்னு மட்டும்தான். ராஜ்யத்துல பாதி கேட்டாலும் தர்றேன்னு ராஜா சொல்றான், அவ வெளிய போய் அம்மாட்ட நான் என்ன கேக்கணும்னு கேக்குறா, அம்மா, இயேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்த யோவான்ஸ்நானன் தலையக் கேளுங்கிறா. சண்டே ஸ்கூல்ல எத்தன வருஷம் இந்தக் கதையச் சொல்லிக் குடுத்தேன், ஆடுனவளத்தான் குத்தம் சொல்லிருக்கேன். படத்துல அந்த அம்மாவே இல்ல, ஆனா தாம்பாளத்த மடியில வச்சது அவதானே.

எனக்கு என்ன வேணும்னா நீ சென்னைக்கு வரணும், வெள்ளிக்கிழம ராத்திரி பஸ் ஏறுனா காலையில வீட்டு வாசல்ல நிப்ப, அன்னிக்கு அது வாய் வரைக்கும் வந்துச்சு, அதான் டக்குனு போன வச்சேன். அது என் ஆச மக்ளே. ஒனக்கு என்ன வேணும்னு ரெண்டு நாள் யாரயும் கேக்காம யோசி, என்னையும் சேத்துத்தான் சொல்றேன். மேனேஜர்ட்ட சொல்லிட்டு அப்புறம் எனக்குப் போன் போடு, இங்க நடுராத்திரியா இருந்தாலும் பரவால்ல, எடுப்பேன்.

அம்மா