ஒளிர்வதெல்லாம் புற்றல்ல

ஆசிரியருக்கு,

நுரையீரல் புற்றுநோய் பற்றிய தங்கள் கட்டுரையில், ‘ஒரு ஸ்கேன் எடுத்தால் எந்த நிலை என்று தெரிந்துவிடும்’ என்ற வரி உறுத்தியது. என் அண்ணனுக்கு மூன்று வகை ஸ்கேன் எழுதிக் கொடுத்தபோது, பணம் பறிக்கிறார்களோ என்று முணுமுணுத்தவன் நான். ஒவ்வொன்றின் வேலையும் வேறு என்பது பிறகுதான் புரிந்தது.

சி.டி. ஸ்கேன் கட்டியின் அளவையும் இடத்தையும் காட்டும். 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டியும் 7 செ.மீ.யைத் தாண்டிய கட்டியும் ஒரே வகையில் சேராது. பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசி வழியே செலுத்துகிறார்கள். புற்றணுக்கள் அதை அள்ளி உறிஞ்சுவதால், பரவிய இடங்கள் ஒளிரும். ஆனால் மூளை இயல்பாகவே சர்க்கரைப் பிரியன். அங்கே பரவல் இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடக்கூடும். அதனால்தான் மூளைக்குத் தனியாக எம்.ஆர்.ஐ.

கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. காசநோயும் சாதாரண அழற்சியும்கூட பெட் ஸ்கேனில் ஒளிரும். அண்ணனுக்கு நெஞ்சின் நடுவே இரண்டு நிணநீர்க் கணுக்கள் ஒளிர்ந்தன. புற்று அங்கே பரவி, மூன்றாம் நிலையாக இருக்கலாம் என்றதும் வீடே இடிந்துபோனது. மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை இறக்கி, ஊசியால் திசு எடுத்துப் பார்த்தார்கள். வெறும் அழற்சி! கணுக்களுக்குப் புற்று பரவவில்லை என்பதால், நுரையீரல் கட்டியை அகற்ற அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

அந்தத் திசுப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமின்றி இருப்பவர்கள் பலர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்