மங்களூருக்கு யாத்திரை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு

ஐயா, வணக்கம்.

கொல்லூர், உடுப்பி, தர்மஸ்தலா, சுப்ரமண்யா என்று நோட்டீஸ் அடிக்கிறீர்கள். அதில் ‘மங்களூர் ரயில் நிலையம்’ என்று மொட்டையாகப் போடாதீர்கள். இங்கே நிலையம் இரண்டு. சென்னை மெயிலும் வெஸ்ட் கோஸ்ட்டும் போய் நிற்பது ஊருக்குள் இருக்கும் சென்ட்ரல்; தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும். கேரளத்திலிருந்து கோவா, மும்பை போகும் நேத்ராவதி, மங்களா போன்ற வண்டிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, படீல் பக்கத்து ஜங்ஷனோடு சரி. டிக்கெட்டில் எம்ஏக்யூ என்றிருந்தால் சென்ட்ரல், எம்ஏஜேஎன் என்றிருந்தால் ஜங்ஷன்.

சென்ட்ரலில் இறங்கி, கொல்லூருக்காக பைந்தூர் ரயிலை ஜங்ஷனில் பிடிப்பதாகத் திட்டம் என்றால் நடுவில் சாலை வழி ஐந்தாறு கி.மீ. ஆட்டோவுக்கு மூன்று பேர். 50 பேருக்கு 17 ஆட்டோ. கடைசி ஆட்டோ கிடைப்பதற்குள் முதல் ஆட்டோக்காரர் திரும்பி வந்துவிடுவார்! அதனால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், வேனை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பஸ் ஸ்டாண்டும் இரண்டுதான். தர்மஸ்தலா, சுப்ரமண்யாவுக்கு அரசு பஸ் பிஜையில். உடுப்பிக்குத் தனியார் எக்ஸ்பிரஸ் ‘ஸ்டேட் பேங்க்’கில். அது நிறுத்தத்தின் பெயர். வங்கியைத் தேடி அலைய வேண்டாம்.

ஊருக்குள் ஒரு கி.மீ. என்று மேப் காட்டினால் நம்பி நடக்க வைக்காதீர்கள். துளுப் பெயரே மேடு பள்ளத்தைச் சொல்லிவிடும்: ‘குட்டெ’ குன்று, ‘பதவு’ மேட்டுச் சமவெளி, ‘பைல்’ தாழ்ந்த வயல்வெளி. கொடியால்பைலிலிருந்து பாவுட்டகுட்டெ பக்கம் என்றால் மூச்சு வாங்கும் ஏற்றம். காங்கிரீட் சாலை ஓரத்தில் மழையில் பாசி பிடித்திருக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு வழுக்கும், அதிலும் இறங்கும்போது. வயதானவர்களுக்குப் பட்டை வைத்த செருப்பு எடுத்துவரச் சொல்லுங்கள். கத்ரியில் மஞ்சுநாதர் சன்னதி அடிவாரத்தில்தான், குளங்கள்தான் பின்னால் படியேறி மேலே. முழங்கால் வலிக்காரர்களைக் கீழேயே நிறுத்தி, பீடத்தில் கி.பி. 968 என்று பொறித்த லோகேஸ்வரர் வெண்கலச் சிலையை நிதானமாகப் பார்க்கச் சொல்லலாம். நஷ்டமே இல்லை.

பெரிய பஸ்ஸில் வருகிறவர்கள் ஊர் நடுவில் இருக்கும் ஹம்பன்கட்டாவுக்குள் நுழையவே வேண்டாம். ஒருவழிப் பாதை, குறுகிய திருப்பம், ஏற்றத்தில் பின்னால் எடுக்க முடியாது. பம்ப்வெல் பக்கம் நிறுத்திவிட்டு சிட்டி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ உள்ளே வாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொரு கவலை. சிராடி மலைப்பாதையில் மண் சரிந்தால் பெங்களூர் சாலை அடைபடும். 2019 ஆகஸ்டில் குலசேகரா அருகே சரிந்தபோது கொங்கண் ரயில் பாதையே பல நாள் நின்றது. அந்த மாதங்களில் தர்மஸ்தலாவிலிருந்து கிளம்பி அன்றைக்கே ரயில் ஏறுவதாக வைக்காதீர்கள். முந்தின நாளே மங்களூர் வந்து தங்கும்படி நோட்டீஸை மாற்றி அடியுங்கள்.

இப்படிக்கு,
மங்களூர்வாழ் தமிழர்கள் சிலர்