பணம் வாங்கும் முன் வந்து பாருங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பொதுக் காப்பீடு விற்கும் நிறுவனங்களின் மேலாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கமுங்க. திருப்பூர் நல்லூர் பக்கம், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் என் லைன் வீட்டில் தீப்பிடித்த கதை உங்களில் ஒருவருக்கு நன்றாகவே தெரியும், ஃபைல் அவர் மேசையில்தான் கிடக்கிறது. மற்றவர்கள் மேசையிலும் இதே மாதிரி ஒன்று இருக்கும் என்பதால் பொதுவாகவே எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை, போட்டால் பதில் வக்கீல் நோட்டீஸாக வரும், பணம் வராது.

வரிசையில் கடைசி வீட்டில் குடியிருந்தவர்கள் பகலில் பனியன் கம்பெனிக்குப் போவார்கள், ராத்திரி வீட்டில் உட்கார்ந்து துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுவார்கள். துணி ஓரம் தைக்கும் பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்றும் இருந்தது. வயர் பொசுங்கி, சுவரோரம் அடுக்கியிருந்த துணி மூட்டையில் பிடித்துக்கொண்டது. ஆள் சேதம் இல்லை, அதுவரைக்கும் சாமி காப்பாற்றியது. அந்த வீடும் பக்கத்து வீடும் போய்விட்டன, கூடவே வரிசைக்கே பொதுவான மீட்டர் போர்டும் எரிந்துவிட்டது. சேதத்தை மதிப்பிட காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வந்தார், கருகிய துணியைப் போட்டோ எடுத்தார், 'இங்கே தொழில் நடந்திருக்கிறது, இது குடியிருப்பு பாலிசி' என்றார். அவ்வளவுதான், அன்றைக்கு நின்ற என் இழப்பீட்டு க்ளெய்ம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாடகை வீட்டுக்குப் பாலிசி கொடுக்கும் முன் ஒரு ஆளை அனுப்பி வீட்டைப் பாருங்கள். பார்த்ததைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்புறம் பணம் வாங்குங்கள்.

என் பாலிசி வங்கிக் கடனோடு சேர்ந்து வந்தது. பாரத் கிருஹ ரக்ஷா, 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனியும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த வீட்டுக் காப்பீடு அது. குறை சொல்ல முடியாத பாலிசி, அதையும் சொல்லிவிடுகிறேன். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உண்டு. வீட்டின் மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குப் பாலிசி போட்டிருந்தாலும் அதைக் காட்டி ஈட்டை விகிதத்தில் வெட்ட மாட்டார்கள். வீடு குடியிருக்க முடியாமல் போனால் நின்றுபோன வாடகைக்கும் ஈடு உண்டு. எரிந்ததை அள்ளிக் கொட்டும் செலவுக்குக்கூட க்ளெய்மில் 2 சதவீதம் வரை உண்டு. இவ்வளவும் ஆங்கிலத்தில், போனுக்கு வந்த ஒரு லிங்க்கில் இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று வங்கியிலும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஒளிக்க என்ன இருக்கிறது? திருப்பூரில் எந்தச் சந்தில் நடந்தாலும் ராத்திரி மெஷின் சத்தம் கேட்கும். சின்னத் தொழிலுக்கென்றே, 5 கோடி ரூபாய் மதிப்பு வரைக்கும், சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று இன்னொரு பாலிசியை அதே நாளில்தான் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு வீட்டுக்கு அதுதான் சரி, கொஞ்சம் கூடக் கட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் கட்டியிருப்பேன், இல்லையென்றால் மூட்டையை எடுக்கச் சொல்லியிருப்பேன். பிரீமியம் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத மெஷின், எரிந்து இரும்புக்கூடான பிறகு மட்டும் எப்படிங்க தெரிகிறது?

இனி அந்த எரிந்த குப்பைக்கு வருகிறேன். என்னை நிஜமாக வதைப்பது அதுதான்.

சர்வேயர் கிளம்பும்போது, "ஏனுங்க சார், இதையெல்லாம் அள்ளிப் போட்டுடலாங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணையும் தொட்டுடாதீங்க, இன்னொருக்கா வந்து பார்க்கணும்" என்றார். தொடவில்லை. அவரும் வரவில்லை. போன் செய்தால் ஈரோட்டில் இருக்கிறேன், கரூரில் இருக்கிறேன் என்கிறார். இடையில் மழை பிடித்துக்கொண்டது. எரிந்த துணி நனைந்தால் வரும் நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது, அதோடு ஓடு சரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கி நடுச்சுவர் ஊறிவிட்டது. தீ படாத வீடுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, "அண்ணா, குழந்தைக்கு இருமல் நிக்க மாட்டேங்குது, அட்வான்ஸைக் கொடுத்துடுங்க" என்றார்கள். போர்டு இல்லாமல் கரண்ட் இல்லை, போர்டை மாற்றலாம் என்றால் அதுவும் 'தொடக்கூடாத' பட்டியலில் இருக்கிறது. அப்படியும் போகாமல் இருக்கும் மூதாட்டி ஒருவர் பக்கத்து வளவிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பு போட்டிருக்கிறார், அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தீப்பிடித்த இடத்தில் இன்னொரு தீக்கு வழி செய்து வைத்திருக்கிறோம், உங்கள் உத்தரவின்படி. கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போகிறது.

நடுவில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கொடுங்கள் என்று. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிய வேண்டும், சரி. அதைப் பாலிசி கொடுக்கும்போது ஏன் கேட்கவில்லை? ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் க்ளெய்மை மறுக்கக்கூடாது, வேண்டியதைப் பாலிசி கொடுக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்று 2024 ஜூனில் ஆணையம் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. அது எனக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

குடியிருந்தவர்கள் நிலைமை என்னுடையதை விட மோசம். என் பாலிசி கட்டடத்துக்கு, அவர்கள் பாத்திரம் பண்டம், பிள்ளைகள் சர்டிபிகேட் எதற்கும் அதில் ஈடு இல்லை. வாடகைக்கு இருப்பவர் பொருளுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம், ஆனால் அதில் கமிஷன் சொற்பம், எந்த ஏஜென்ட் லைன் வீட்டுப் படியேறுவார்? சிலிண்டர் வெடித்திருந்தால் எண்ணெய்க் கம்பெனிகளின் காப்பீட்டில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை உண்டு, அதுவும் இணைப்பு பதிவான முகவரியில் நடந்தால்தான். தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் கேஸ் புத்தகத்தில் இருப்பது ஊர் முகவரி.

மொட்டை மாடியில் சிமெண்ட் சீட் போட்டால் சொத்து வரிக்காரர் மறு மாதம் வாசலில் நிற்கிறார். வீட்டில் மெஷின் ஓடுகிறதென்றால் மின்வாரியத்துக்காரர் மோப்பம் பிடித்து வந்து மின்கட்டண வகையை மாற்றச் சொல்கிறார். ஓட்டு கேட்பவருக்கு ஒவ்வொரு கதவும் அத்துபடி. உங்களுக்கு மட்டும் நல்லூருக்கு வழி தெரியவில்லை. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டியை எடுத்தார்கள், தீக் காப்பீட்டுக்கு இன்னும் 18 சதவீதம். அது உங்கள் கையில் இல்லை, தெரியும், வயிற்றெரிச்சலில் எழுதிவிட்டேன். வீட்டுக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் சொல்ல மாட்டேன். நாலு கதவுக்கான வயரில் எட்டுக் கதவுக்கு இழுத்துவிட்டு வாடகையை மட்டும் எண்ணுகிறவர்கள் இதே தெருவில் உண்டு. நீங்கள் முன்கூட்டியே வந்து பார்த்தால் அவர்களும் மாட்டுவார்களே, அது உங்களுக்கும் லாபம்தானே.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் சென்னையில் இருக்கிறார், 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார், செலவில்லை என்பதும் தெரியும். போகத்தான் போகிறேன். அதற்கு முன்னால் மரியாதையாகவே கேட்டுக்கொள்கிறேன். என் விஷயத்தில், குப்பையை அள்ளலாம், போர்டை மாற்றலாம் என்று எழுத்தில் ஒரு வரி கொடுங்கள், க்ளெய்மில் ஆமா இல்லை என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். மற்றவர்கள் விஷயத்தில், பணம் வாங்கும் முன் வந்து பாருங்கள், பார்த்ததை எழுதிக் கொடுங்கள்.

அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் வந்துவிட்டது. கட்டுகிறேன், ஆனால் முதலில் ஆள் வரட்டும். மற்ற நாளில் காலை எட்டரைக்கு எல்லோரும் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள், எல்லாக் கதவும் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
நல்லூர் லைன் வீட்டுக்காரன்