மரத்தின் தூரை ஒட்டி கல் பதிக்காதீர்கள்

ஐயா,

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். நெல்லைச் சீமையின் பேருந்து, ரயில் நிலையங்களைச் சுற்றி மரம் நட அதுதான் காலம். இம்முறையாவது தூரை ஒட்டி பேவர் பிளாக் பதிக்க வேண்டாம். அப்படிப் பதித்தால் வேருக்குக் காற்றும் கிடைக்காது, மழைநீரும் இறங்காது. பிழைத்த வேர் மேலே வந்து கல்லைத் தூக்கும்; பயணிகள் தடுக்கி விழுகிறார்கள் என்று கடைசியில் மரத்தையே வெட்டுவார்கள். பாவம், மரம் என்ன செய்யும்?

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி இருக்கும்படி குழி எடுக்க வேண்டும். உள்ளே கிடக்கும் ஜல்லி, சிமென்ட் கட்டிகளை அள்ளி எறிந்துவிட்டு, 3 பங்கு செம்மண்ணுக்கு 1 பங்கு மட்கிய சாணி எரு கலந்து நிரப்பலாம். தூரைச் சுற்றி 4 அடிக்கு 4 அடி வெறும் மண்ணாக இருக்கட்டும். விளிம்புக் கல்லை இடைவெளி விட்டுப் பதித்தால் நடைபாதையில் ஓடும் மழைநீர் தானே உள்ளே வரும். பஸ் நிற்கும் தரையில் டீசலும் ஆயிலும் கலந்து ஓடும் தண்ணீரை மட்டும் அங்கே திருப்பக் கூடாது.

புங்கனும் வேம்பும் நம் வெயிலைத் தாங்கும். மின்கம்பிக்குக் கீழே மட்டும் வேண்டாம். கன்றைக் கூண்டோடு சேர்த்துக் கட்டிய கம்பி, தண்டு பருக்கும்போது பட்டையை அறுத்துவிடும். சணல் கயிறே போதும். முதல் 2 கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவை நடும் ஒப்பந்தத்திலேயே சேர்த்து எழுத வேண்டும்.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை