'ஓரிரு இடங்களில்' என்றால் எங்கள் ஊரா, பக்கத்து ஊரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நாலு ஏக்கர் சம்பா சாகுபடி செய்கிறேன். 'டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்' என்று உங்கள் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான், அந்த ஓரிரு இடத்தில் எங்கள் ஊர் உண்டா இல்லையா? தூர் கட்டும் சமயத்தில் தண்ணீரை வடித்துவிட்டு யூரியா போட்ட மறுநாளே கொட்டித் தீர்த்தால், உரம் வடிகாலோடு போய்விடும், உரம் வாங்கிய காசும் ஆள்கூலியும் அதோடு போச்சு. எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. மழைக்குப் பயந்து மேலுரத்தைத் தள்ளிப்போட, மழையும் வராமல் பயிர் வெளுத்துப்போன வருஷமும் உண்டு.

தகவல் இல்லாமல் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்கள் வைத்திருக்கிறது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. விவசாயிகளுக்கென்று தமிழக அரசின் உழவன் செயலி 2018லும், வானிலை சொல்லும் மத்திய அரசின் மேக்தூத் செயலி 2019லும் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் ஊராட்சி அளவிலேயே முன்னறிவிப்பு தருவதாக மத்திய அரசு தொடங்கியது, அதைப் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் எங்கள் தெருவில் பாதிப்பேர் கையில் பட்டன் போன்தான். மீதிப்பேருக்கும் எந்தச் செயலியில் எங்கே அழுத்தினால் நம் ஊராட்சி வரும் என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிது இல்லை. தொண்ணூறுகளின் கடைசியிலேயே புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். செல்போன் பரவாத காலத்திலேயே முடிந்த காரியம், இன்று ஏன் முடியாது?

அப்புறம், வயல் மண்ணைப் பரிசோதித்து அரசு தரும் மண்வள அட்டை. அதிலும் இதே கதைதான். 2015ல் தொடங்கிய நல்ல திட்டம், உப்பு, தழைச்சத்து, துத்தநாகம் என்று 12 விவரம் அதில் இருக்கும். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்றுதான் மண் எடுக்கச் சொன்னார்கள். அது ஆறு ஏக்கருக்கும் மேல், எங்கள் பக்கத்தில் அதற்குள் மூன்று நாலு பேர் நிலம் வந்துவிடும். வாய்க்கால் தலைப்பில் இருக்கிற வயலுக்கும், உப்பு ஏறிய என் கீழ்க்கோடி வயலுக்கும் ஒரே கணக்கு எப்படிச் சரியாகும்? என் அட்டையில் உப்பு அளவு சாதாரணம் என்று இருந்தது, அதை நம்பித்தான் உரம் போட்டேன், பயிர் நுனி கருகியது. அப்புறம் நானே காசு கட்டித் தனியாகப் பரிசோதித்த பிறகுதான் உண்மை தெரிந்து, உப்பு தாங்கும் ரகத்துக்கு மாறினேன். அடுத்தவர் வயலின் புள்ளிவிவரத்தை வைத்து என் வயலுக்கு முடிவெடுக்க முடியாது.

மூன்று வருஷமாக வயலோரம் ஒரு மழைமானி வைத்து நோட்டில் எழுதி வருகிறேன். 10 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர், அது தெரிந்தால் இன்று வாய்க்கால் தண்ணீர் வைப்பதா வேண்டாமா என்று யோசிக்கவே வேண்டாம். என் மானியில் விழுந்ததும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நிலையத்தில் பதிவானதும் பல நாள் ஒத்துப்போவதே இல்லை.

அதனால் நான் கேட்பது புதுச் செயலி இல்லை. ஊராட்சி அலுவலக வாசலிலும் கூட்டுறவுச் சங்க வாசலிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். அடுத்த ஐந்து நாளைக்கு நம் ஊராட்சிக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று காலை ஆறு மணிக்கு எழுதுங்கள், ஒலிபெருக்கியிலும் வாசியுங்கள். பக்கத்திலேயே நேற்று உண்மையில் எவ்வளவு பெய்தது என்றும் எழுதுங்கள். இந்த இரண்டாவது எண் ரொம்ப முக்கியம். முன்னறிவிப்பு எத்தனை நாள் பலித்தது, எத்தனை நாள் பொய்த்தது என்று ஒரு பருவம் பார்த்தாலே, அதை எவ்வளவு நம்பலாம் என்று விவசாயிக்குத் தானே பிடிபடும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஏதாவது ஓர் ஊராட்சியில் இதைத் தொடங்கினால், என் மூன்று வருஷ மழைக் கணக்கு நோட்டைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
நாகப்பட்டினம் மாவட்டம்