சிபிஜிபி நினைவுக் கூடல்: ஞாயிறு மாலை 7 மணி

நண்பர்களே, பேச்சிலேயே தள்ளிப்போன சிபிஜிபி கூடல் ஒருவழியாக முடிவாகிவிட்டது. வரும் ஞாயிறு, வழக்கம்போல் குழு அழைப்பில்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: நியூயார்க் பவரி தெருவில் 1973-ல் ஹில்லி கிறிஸ்டல் திறந்த இசை கிளப்தான் சிபிஜிபி (CBGB). பெயரில் இருப்பது கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற இசை வகைகள். வளர்ந்ததோ பங்க் ராக் (குட்டையான, வேகமான, முரட்டு ராக் பாட்டு)! ரமோன்ஸ், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் குழுக்கள் எல்லாம் அங்கே மேடையேறியவர்கள்தான். வாடகைத் தகராறில் சிக்கி, 2006 அக்டோபர் 15 அன்று பாடகி பேட்டி ஸ்மித்தின் (Patti Smith) கச்சேரியோடு மூடினார்கள். அதன் பேர்போன அழுக்குக் கழிப்பறையைப் போலவே ஒன்றை 2013-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் செய்து காட்சிக்கு வைத்தது. அந்தக் கதையையும் பேசுவோம்.

ஆளுக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடத்துக்குள் (பங்க்குக்கு அதுவே தாராளம்). சனிக்கிழமைக்குள் பாட்டின் பெயரை இங்கே போடுங்கள். அப்புறம், மைக்கை அணைத்து வையுங்கள். போன தடவை யார் வீட்டுக் குக்கரோ டிரம்ஸ் வாசித்தது.