35 கடல் மைல் வேகம், எந்தக் கடலில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறிய ரோந்துப் போர்க்கப்பல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த ஒப்பீட்டு அட்டவணை, வேகத்துக்கும் பீரங்கிக்கும்தான் மதிப்பெண் போட்டிருக்கிறது. 2009இல் சென்னையில் கடற்படையில் சேர்ந்த கார் நிகோபாரும் அதன் வகைக் கப்பல்களும் 49 மீட்டர் நீளம், மணிக்கு 35 கடல் மைல். காட்டுப்பள்ளியில் கட்டிய கடலோரக் காவல்படையின் விக்ரம் வகை 98 மீட்டர், 26 கடல் மைல். இரண்டிலும் முக்கிய ஆயுதம் 30 மி.மீ. பீரங்கிதான். சின்னது ஜெயித்ததில் ஆச்சரியமில்லை. வாடைக் காற்று அடிக்கும் கார்த்திகையில் எண்ணூருக்குக் கிழக்கே போனால் கதை வேறு.

ஒரு அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் 6 விநாடி இடைவெளி என்றால், ஆழ்கடலில் அலையின் நீளம் சுமார் 56 மீட்டர் (விநாடியின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்க வேண்டும்). எதிர் அலையில் ஓடும் 49 மீட்டர் கப்பலுக்கு இதைவிடப் பொல்லாத நீளம் இல்லை. அணியம் (கப்பலின் முன்பகுதி) தூக்கும், அடுத்த பள்ளத்தில் அடிப்பலகை தண்ணீரில் அறையும். நாலு அறை வாங்கியதும் கேப்டன் வேகத்தைக் குறைத்துவிடுவார். 98 மீட்டர் கப்பலோ ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைகளின் மேல் படுத்துக்கொள்ளும்.

வழியில் வரும் படகுகளைச் சோதனையிட ரப்பர் படகை இறக்குவதுதான் ரோந்தின் அன்றாட வேலை. அதை எத்தனை மீட்டர் அலை வரை இறக்கி ஏற்ற முடியும் என்று அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் கிரேன் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாட்டர்ஜெட்டை (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிக் கப்பலைத் தள்ளும் இயந்திரம்) நீங்கள் புகழ்ந்ததில் பாதி சரி; ஆழம் குறைந்த இடத்தில் அது வரம். ஆனால் அறுந்த வலைத்துண்டு உறிஞ்சுவாயின் கம்பிகளில் சுற்றினால் நீர்வரத்து குறையும், இன்ஜின் சுழற்சி எகிறும், கப்பல் மட்டும் நகராது. நம் கரையோரத்தில் வலைத்துண்டுக்கா பஞ்சம்?

'இன்னும் கனமான ஆயுதம் வைக்கலாமே' என்ற உங்கள் யோசனைக்கு ஒரு கணக்கு: 260 டன் கப்பலில் ஈர்ப்பு மையத்துக்கு 8 மீட்டர் மேலே 3 டன் ஏற்றினால், மையம் 9 செ.மீ. உயரும். சாய்ந்த கப்பல் மறுபடி நிமிரும் திறனில் அத்தனையும் கழியும். ஏற்றிய பிறகு, தெரிந்த எடையைத் தளத்தில் குறுக்கே நகர்த்திச் சாய்வை அளக்கும் சோதனையை மறுபடி செய்தே ஆக வேண்டும்.

அடுத்த முறை அட்டவணை போடும்போது, படகு இறக்கும் அலை உயரத்தையும், 12 கடல் மைல் வேகத்தில் எத்தனை நாள் கடலில் நிற்கும் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

— கப்பல் கட்டுமானத் துறை வாசகர்,
திருவொற்றியூர், சென்னை